ஒண்ணாம் நம்பர் பட்டன்

– இன்னொரு தடவை அழுத்துங்களேன்.

– அழுத்தியாச்சு. ஒண்ணுதானே? இதோ... கேட்டியா? கர்ர்ருன்னுச்சு. நின்னுடுச்சு.

– நின்னா நிக்கட்டும். வண்டியை எடுங்க. டாக்டர் காத்துக்கிட்டு இருப்பார்.

– ஸ்டீயரிங் தொப்பையில இடிக்குது.

– தொப்பை வளர்ந்தா ஸ்டீயரிங் என்ன பண்ணும், பாவம்?

– போன வருஷத்து பேன்ட் எல்லாம் இடுப்புல நிக்காம நழுவுது. தொப்பை வளர்ந்திருக்காம்!

– சரி, அப்ப சீட்டுல ஏதோ கோளாறு. உங்க ஷோரூம்லயே காட்டிடுங்க. நாள் முழுக்க அங்கதானே கார் விக்கிறீங்க.

– கோளாறு ஒண்ணும் இல்லை.

– மெஷின்தானே... எங்கயோ மறந்திருக்கும்.

– மறக்காது. மெமரி சீட்டுன்னா என்னன்னு நெனச்சே?

– அய்யோ, கஸ்டமர்கிட்ட பேசுற குரல் வந்துடுச்சு. சாமி, நான் வாங்க வரலை!

– கேளு. சீட்டுக்கு அடியில மோட்டார் இருக்கு. அது முன்னாடி எத்தனை சுத்து, பின்னாடி எத்தனை சுத்து சுத்துச்சுன்னு ஒரு குட்டிப் பெட்டி எண்ணிக்கிட்டே இருக்கும். நீ உனக்குத் தோதா உக்காந்துக்கிட்டு, 'செட்'டுங்கிற பட்டனை அழுத்தி உடனே ஒரு நம்பரை அழுத்தினா, அந்த எண்ணிக்கை அந்த நம்பருக்குன்னு பதிஞ்சுடும். அப்புறம் யார் எப்படி இழுத்து வெச்சாலும் சரி, அந்த நம்பரைத் தொட்டா அதே எடத்துக்கு வந்து நிக்கும். கண்ணாடி கூட அதுக்குத் தகுந்த மாதிரி திரும்பும்.

– பேட்டரி வீக்கா இருந்தா...

– பேட்டரி போனா மொத்தமா போகலாம். தினமும் ஒரு நூல் அளவு முன்னாடி வராது.

– தினமுமா?

– உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

– பேஸ்மென்ட்ல காத்து எங்க இருக்கு? ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க.

– பேச்சை மாத்தாத. செட்டை அழுத்தி ஒண்ணை அழுத்தணும்னு இந்த வீட்டுல யாருக்குத் தெரியும்?

– வாட்ச்மேன் ஏதாவது...

– வாட்ச்மேனா! அந்த மனுஷன் சைக்கிள் சீட்டையே இன்னும் சரி பண்ணிக்கலை. உனக்கு ரெண்டாம் நம்பர். நீ ஓட்டுறப்ப ரெண்டை அழுத்துவே. ஒண்ணுல உனக்கு என்ன வேலை? சொல்லு.

– நான்தான்.

– ம்.

– நான்தாங்க நகர்த்தினேன், போதுமா? சாயந்திரம் நீங்க குளிக்கப் போனதும் சாவியை எடுத்துக்கிட்டு இறங்கி வருவேன். கொஞ்சமா முன்னாடி தள்ளி, செட், ஒண்ணு... அது 'டிங்'குனதும் திருடி மாதிரி ஓடுவேன். லிஃப்ட்ல மேல் வீட்டம்மா, "என்ன, கார்ல எதையாவது மறந்துட்டீங்களா?"ன்னு கேப்பாங்க. ஆமாம்பேன். தினமும் அப்படி என்னத்தைத்தான் மறப்பேன் நான்!

– ஏன் செஞ்சே?

– அன்னிக்கு சிக்னல்ல பார்த்தேன். பிரேக் போட முட்டியைக் கையால பிடிச்சு அமுக்குனீங்க.

– ஒரு கையாலதான்.

– ரெண்டு கையால. ஸ்டீயரிங்கை யாருமே பிடிக்கலை. கிட்ட உக்காந்தா, பாதம் ஒத்துழைக்காட்டியும் தொடை பலத்துல அழுத்திடலாமேன்னு தோணுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்.

– என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

– என்னன்னு? சீட்டை முன்னாடி போட்டுக்கங்கன்னு சொன்னா, கால் போச்சுன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே! மாடிப்படியை விட்டீங்க. ஞாயித்துக்கிழமை ஷட்டிலை விட்டீங்க. செருப்பு கழண்டு கழண்டு விழுதுன்னு வார் வெச்சது வாங்கினோம், கடைக்காரன்கிட்ட "நடக்கறதுக்கு"ன்னு பெருமையா சொன்னீங்க. வண்டியும் போச்சுன்னா நீங்க படுத்த எடத்தை விட்டு எந்திரிக்கவே மாட்டீங்கன்னு... பயங்க. பயந்தே செத்தேன்.

– யார் மேலயாவது ஏத்தியிருப்பேன்டி.

– தெரியும்.

– தெரிஞ்சுமா?

– தெரிஞ்சேதான். காலையில நீங்க கெளம்பினதும் போன் வருதா, போன் வருதான்னு அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஷோரூம் போய் சேர்ந்துட்டேன்னு உங்க மெசேஜ் வந்தப்புறம்தான் அடுப்பைப் பத்த வெப்பேன். அப்படியும் சாயந்திரம் போய் தள்ளி வெச்சேன். என்னை என்ன வேணா சொல்லுங்க.

– உன்னை என்னத்தைச் சொல்றது...

– போன தடவை டாக்டர் "வண்டி ஓட்டுறாரா?"ன்னு கேட்டார். ஓட்டுறார்னேன். அவர் முகமே மாறிடுச்சு, "வெரி குட்"னார். அன்னிக்கு அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். இன்னிக்கும் கேப்பார். அதுக்குத்தான் உங்களை இங்க உக்கார வெச்சேன். எடுங்க. மெதுவா, ஓரமாவே போலாம்.

– இனிமே முன்னாடி போக எடம் இல்லைம்மா. சீட்டு ஓடுற தடம் இதோட முடியுது. அதான் அந்தக் கர்ர்.

– முதுகுக்கு ஒரு தலகாணி வெக்கலாம்.

– அப்புறம்?

– அப்புறம் இன்னொரு தலகாணி.

– சிரிக்க வெக்காத.

– சிரிங்களேன், யாரு வேணாங்கறா. சிரிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க.

– பிரேக்கை நல்லா அழுத்தினாத்தான் இது ஸ்டார்ட் ஆகும்.

– எனக்குத் தெரியாதா? அழுத்துங்க.

– அழுத்திட்டுத்தான் இருக்கேன்.

– ஒண்ணும் ஆகலையே?

– உக்காந்ததுலேருந்து அழுத்திட்டுத்தான் இருக்கேன்.

– வெளையாடாதீங்க.

– குனிஞ்சு பாரு. கால் பெடல் மேலதான் இருக்கு.

– கடவுளே... நேத்து எப்படி ஷோரூம் போனீங்க?

– பஸ்ல.

– முந்தாநாள்?

– பஸ். மழை பெஞ்ச அன்னிக்கு மட்டும் டாக்ஸி.

– தினமும் கார் சாவியைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டுத்தானே வாசல் தாண்டுறீங்க!

– சாவி பைக்குள்ள போயிடும். பின்பக்க கேட் வழியா நான் பஸ் ஸ்டாப்புக்குப் போயிடுவேன்.

– எப்போலேருந்து?

– நீ சொன்ன அந்த சிக்னல்... அதுக்கு மறுநாள்லேருந்து. முன்னாடி கார்ல ஒரு அம்மா கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இருந்தா. நீ என் கையைப் பார்த்தே, நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். அதோட சரி. லீவு நாள்ல "தூக்கம் வருது, நீ ஓட்டு"ன்னு சொல்வேனே, எப்ப எனக்கு அவ்வளவு தூக்கம் வந்திருக்கு?

– அப்ப... நான் நகர்த்தினது எல்லாம்?

– ஓடாத வண்டியில.

– அடப்பாவி மனுஷா. நான் அங்க உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு... ஒரு மூச்சு விட்டீங்களா?

– நீ விட்டியா?

– சீட்டு நகர்றது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?

– முதல் நாளே. இதை விக்கிறவன்டி நான்.

– முதல் நாளேவா! ஓட்டுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டீங்க. பஸ்லதான் போறீங்க. அப்புறம் எதுக்கு தினமும் இங்க வந்து உக்காந்து ஒண்ணை அழுத்திப் பார்த்தீங்க? நேரா கேட்டைத் தாண்டிப் போக வேண்டியதுதானே?

– விடு. டாக்டருக்கு நேரமாச்சு. நீ இந்தப் பக்கம் வா.

– வரமாட்டேன். சொல்லுங்க. எதுக்கு?

– சாயந்திரம் டாக்டர் சொன்ன பயிற்சின்னு என் உள்ளங்கால்ல கையை வெச்சுக்கிட்டு "தள்ளுங்க, தள்ளுங்க"ம்பே. நானும் தள்ளுவேன். எவ்வளவு தள்ளுறேன்னு எனக்குத் தெரியறதில்லை, கால் எனக்கு ஒண்ணும் சொல்றதில்லை. உன் கைக்குத்தான் தெரியும். நீ சிரிச்சுக்கிட்டே, "நேத்தைவிட நல்ல பலம்ங்க"ன்னு சொல்லி என்னைக் குளிக்க அனுப்புவே... காலையில வந்து ஒண்ணை அழுத்தி, நீ எவ்வளவு தள்ளி வெச்சிருக்கேன்னு பார்த்துத்தான், நேத்து எனக்கு எவ்வளவு பலம் போயிருக்குன்னு நான் தெரிஞ்சுக்குவேன்.