ஈரம் காயாத இருக்கை

காரை வெயிலில் நிறுத்திக் கழுவக் கூடாது. தகரம் சூடாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டால் அங்கேயே காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் போகாது. பாத்திரம் கழுவும் சோப்பும் ஆகாது, மேலிருக்கும் மெழுகை உரித்துவிடும். துடைக்கும் துணி கைதவறித் தரையில் விழுந்தால் அதை மறுபடி காரின்மேல் வைக்கக் கூடாது. கோடு விழ ஒரு மணல் துகள் போதும். இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள், இன்ஸ்பெக்டர். நான் கவனமில்லாத ஆள் அல்ல என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான்.

மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நான். அண்ணன் பேக்கரியில் ரொட்டி போடுபவன். மாவு ஒட்டாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. என் காரில் ஏறி இறங்கினால் கறுப்பு இருக்கையில் அவன் முதுகு அப்படியே வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

"பாத்தியாடா பாலீஷு, நான் எறங்கினாலும் உன்கூடவேதான் உக்காந்திருக்கேன்" என்று சிரிப்பான்.

பாலீஷ் என்பது அவன் எனக்கு வைத்த பெயர். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. எனக்கு வருத்தமில்லை. அவன் நல்லவன், அதில் சந்தேகமே இல்லை.

அன்று விடுமுறை. காலையிலேயே வெளிப்புறத்தை முடித்து மெழுகு பூசிவிட்டு உள்ளே போனேன். இருக்கைகளுக்கு நுரை போட்டுத் தேய்த்து, அழுக்கை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஈரம் முழுக்கக் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அழுக்கு பஞ்சுக்குள் இறங்கிவிடும். அப்புறம் கறையும் போகாது, வாடையும் போகாது.

அப்போதுதான் அண்ணி படியிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, வண்டிய எடுங்க. இவருக்கு நெஞ்ச அடைக்குதாம், வேர்த்துக் கொட்டுது."

"வாயுவா இருக்கும் அண்ணி. சுடுதண்ணி குடுத்துப் பாருங்க."

"இல்ல தம்பி, வாந்தி வேற எடுத்துட்டாரு. மூஞ்சியே சரியில்ல. சீக்கிரம் எடுங்க."

வாந்தி என்ற சொல்தான் என் காதில் விழுந்தது.

"பேட்டரி எறங்கிடுச்சு அண்ணி, வண்டி கிளம்பாது" என்றேன்.

பொய்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், பெரிய சாலை தெருமுனையில் இருக்கிறது. வாடகைக் கார் கிடைக்காமல் போகாது. அதன் இருக்கையில் ஏற்கெனவே ஊரே உட்கார்ந்து எழுந்திருக்கும், இன்னொருவர் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? அண்ணி செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

அண்ணன் தானே இறங்கி வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. நான் முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே குந்தியிருந்தேன். அவன் கதவை நோக்கிக் கை நீட்டியபோது பையிலிருந்த சாவியின் பொத்தானை அழுத்தினேன். நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. நல்ல வண்டியில் அந்தச் சத்தம் மெத்தென்று இருக்கும்.

கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது என்றே நினைத்திருப்பான். "தொறடா" என்று உதடு அசைந்தது. கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். அவனும் தலையாட்டினான். பிறகு கதவை ஒட்டியே சரிந்து உட்கார்ந்தான்.

மறுபக்கமாக இறங்கி வந்தேன். அவன் கையும் வாயும் பட்ட இடமெல்லாம் கதவில் வாந்தி. அதில் அமிலம் இருக்கிறது. உடனே எடுக்காவிட்டால் பெயின்டைத் தின்றுவிடும். அவனைச் சற்று ஒதுக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தேன். அவசரப்பட்டுத் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். முடித்துவிட்டுத் திரும்பியபோது அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

அண்ணி வாடகைக் காரோடு வந்தார். டிரைவரும் நானும் தூக்கி ஏற்றினோம். இருக்கையைப் பற்றி அந்த டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவமனையில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணனுக்கு வேட்டி எடுத்து வரச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து பார்த்தால் காரின்மேல் நல்ல வெயில். கிளப்பி, நிழலுக்கு நகர்த்தி நிறுத்தினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி இறங்கிவிட்டது என்று நான் சொன்னதையும் அவர் கேட்டிருக்கிறார். அவர் அண்ணியிடம் சொல்ல, அண்ணி உங்களிடம் வர, இப்போது நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் கண்ணாடிய தட்டினாரா தம்பி?"

"இல்ல அண்ணி" என்றேன்.

தட்டினான். முதலில் வலது கையைத்தான் தூக்கினான். அந்தக் கையில் மோதிரம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கி, இடது கையின் விரல் முட்டியால் மெல்லத் தட்டினான். கண்ணாடியில் கீறல் விழக் கூடாது என்று. என் வண்டியின்மேல் அவனுக்கு அக்கறையே இல்லை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவனைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன், இன்ஸ்பெக்டர். நான் செய்த தவறு அது ஒன்றுதான்.