சத்தமில்லாத ஃபேன்

கம்ப்யூட்டருக்குள் சேருகிற தூசியை எடுக்க, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷைவிட நல்ல சாமான் கிடையாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். துணியால் துடைத்தால் நூல் மாட்டிக்கொள்ளும். ராஜபாளையத்துக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஐயா. எங்கள் ஊர்த் தூசியில் பாதி பஞ்சு. மில்லிலிருந்து கிளம்பிக் காற்றோடு வந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழைந்து, ஃபேனுக்கு அடியில் மெத்தை மாதிரி படிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி நானே சுத்தம் செய்வேன். எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் என்று என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பெயர் எபனேசர். வயது நாற்பத்தொன்று. சோழபுரம் போகிற வழியில் உள்ள அந்தக் குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில் ஐந்து வருடமாக ஆபீஸ் வேலை பார்த்தேன். சேருகிறவர்களின் விவரத்தைப் பதிவேன். வாரம் ஒருமுறை அவரவர் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவேன். வருகிற ஃபோனை எடுப்பேன். புதன்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய், அரசு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய தாள்களைக் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளே இருக்கிற ஆட்களைக் கவனிப்பது என் வேலை இல்லை. அதற்கு சங்கிலிப்பாண்டி என்று ஒரு வார்டன் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே மேனேஜர் விக்னேஷ்வரன்.

என் ஆபீஸ் முன்பு ஸ்டோர் ரூமாக இருந்த இடம். ஜன்னல் கிடையாது. மேசையும் நாற்காலியும் பீரோவும் போக, ஓர் ஆள் திரும்பி நிற்கலாம். பிளக் பாயிண்ட் மேற்குச் சுவரில் மட்டும்தான் இருந்தது. அதனால் மேசையும் அந்தச் சுவரை ஒட்டியே கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அறைக்குக் கவுன்சலிங் ரூம் என்று போர்டு. சொன்ன பேச்சுக் கேட்காதவர்களை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

ஃபேன் சத்தம் போட ஆரம்பித்து மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும். முதலில் காலையில் மட்டும் கரகரவென்று இழுக்கும், சூடேறினால் அடங்கிவிடும். பிறகு நாள் முழுக்க இரைந்தது. தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டுப் பழையபடி ஆரம்பித்தது. ஃபோனில் பேசுகிறவர்கள், மில்லுக்குள்ளே இருந்தா பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டால் அது சத்தமே இல்லை.

என் தங்கை அக்சாவின் புருஷன் பென்சன், எனக்கு மாப்பிள்ளை. மில்லில் ஃபிட்டர். நல்ல வேலைக்காரன். குடித்தால் யாரையும் அடிக்க மாட்டான், ஏசவும் மாட்டான். ஆனால் குடிக்காத நாள் இல்லை என்று ஆகிவிட்டது. போன ஜூன் மாதம் இரண்டு தடவை மெஷின் பக்கத்தில் தள்ளாடி விழுந்ததால், வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்சா என்னிடம் வந்தாள். "அண்ணே, வேற எங்கயும்னா நான் அனுப்ப மாட்டேன். நீங்க இருக்க எடம்னுதான் நம்பி விடுதேன்" என்றாள். பென்சனும் முரண்டு பிடிக்கவில்லை. மச்சான் அங்கே இருக்கிறார் என்று என் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தான். சேர்க்கைத் தாளில் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தோரு நாள் வீட்டார் வந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே அக்சா தினமும் மத்தியானம் ஃபோன் செய்வாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஒரே இரைச்சலாக இருக்கிறது, நான் சொல்வது பாதி விளங்கவில்லை என்று குறைப்பட்டாள். அவளுக்காகத்தான் ஃபேனை மாற்ற நினைத்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தங்கைக்கு என் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் அதைத் தொட்டேன்.

அடுத்த புதன்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் கௌதம்ராஜ் என்று ஒரு மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். உள்ளே அச்சு சுழல்கிற புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் விட்டுப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லி, கால்மணி நேரத்தில் புது ஃபேன் போட்டுக் கொடுத்தான். பழையதைக் கழிவுச் சாமான் கிடக்கிற டப்பாவில் போட்டான். "ஓடுதான்னு கை வச்சுத்தான்ணே பாக்கணும். காதுக்குத் தெரியாது" என்றான். கை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது.

மறுநாள் காலை ஆபீஸில் கம்ப்யூட்டரைப் போட்டேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. டியூப் லைட் முனகுவது கேட்டது. நான் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் சுவர் கேட்டது.

ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி. இடையிடையே சங்கிலிப்பாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் எண்ணுகிற குரல். கோபமே இல்லை. பிறகு கதவு சாத்துகிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. நான் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து வரி போயிருக்கும்.

"மச்சான்."

பென்சனுடைய குரல். அவனை அந்த அறைக்கு மாற்றியது எனக்குச் சொல்லப்படவில்லை.

"டைப் அடிக்கது கேக்கு மச்சான். நீங்கதான்னு தெரியுது."

விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்தேன்.

"தண்ணி கேட்டேன், அம்புட்டுத்தான். அக்சாட்ட ஒண்ணும் சொல்லாதிய, பயந்துருவா. என்னைய மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில், நாற்காலியில் ஆள் இல்லை என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஏன் உடனே எழுந்து போகவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஐந்து வருடத்தில் இருநூறு, முன்னூறு பேர் வந்து போயிருப்பார்கள். அத்தனை பேர் வீட்டுக்கும் 'நல்ல முன்னேற்றம் தெரிகிறது, ஒத்துழைப்புத் தருகிறார்' என்று கடிதம் எழுதியவன் நான். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. என் மாப்பிள்ளைக்கு மட்டும் சுவர் வழியாகக் கேட்டது என்று போய் நின்றால், மற்றவர்களுக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று யாராவது கேட்பார்கள். ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாம். கடைசி மூன்று வருடத்துக்கு அது உண்மையும்கூட. அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். வெளியே போகிற வழி ஒவ்வொன்றும் என்னுடைய ஏதோ ஒரு கடிதத்தில் போய் முட்டியது.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஒற்றை விரலால், சத்தம் வராமல் அடித்தேன். அப்படியும் அவனுக்குத் தெரிந்தது. மில் ஃபிட்டருக்குக் காது கூர்மை. மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர்கள். தன் மகள் ஆஷிகாவுக்குச் சைக்கிள் செயின் கழன்றுவிடும், அதை மாட்டிவிடச் சொல்லுங்கள் என்றான். ஒரு தடவை, நான் உட்காருகிற நாற்காலிக்கு எண்ணெய் விட வேண்டும் என்றான். பதில் சொன்னால் நான் அங்கே இருந்ததாக ஆகிவிடும்.

காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டிருக்கலாமே என்றும் தோன்றும். யோசித்தேன். ஃபோன் மணி கேட்காது என்பது ஒன்று. இன்னொன்று, இயர்ஃபோன் என்றால் நானாக எடுத்துக் காதை அடைத்ததாக ஆகும். ஃபேன் இரைவது மெஷினுடைய கோளாறு. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பழைய ஃபேனையே மாட்டித் தரும்படி கேட்டதும் கௌதம்ராஜ் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"எல்லாரும் சத்தம் வேண்டாம்னு வாராங்க. நீங்க என்னண்ணே, சத்தம் வேணும்ங்கிய?"

புதியதில் காற்றுப் போதவில்லை, பெட்டி சூடாகிறது என்றேன். சூடாகாது என்று மீட்டரை வைத்துக் காட்டினான். ஆனாலும் வற்புறுத்தினேன். டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்து மாட்டிக் கொடுத்தான். ஒரு இறக்கை நுனி உடைந்திருந்தது; முன்னைவிட அதிகமாக இரையும் என்றான். பரவாயில்லை என்றேன்.

திங்கட்கிழமை காலை ஃபேன் நன்றாக இரைந்தது. பத்து விரலாலும் அடித்தேன். மத்தியானம் வரைக்கும் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தேர் இழுக்கிற கூட்டத்துக்குள்ளும் தன் பிள்ளை அழுவதை ஒருத்தி பிரித்து எடுத்துவிடுவாள். காது ஒரு குரலைப் படித்துவிட்டால் பிறகு எந்த இரைச்சலும் அதை மறைக்காது. மச்சான், மச்சான் என்று ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தது. டைப் அடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்காமல் போனதால், நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல், முன்னைவிட உரக்கக் கூப்பிட்டான்.

சமையல் வேலை செய்கிற வெள்ளத்தாய் டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சார், நீங்க அந்தச் சுவத்த ஒட்டித்தான இருக்கீய. ஒங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

நான் கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினேன். "இந்த ஃபேன் சத்தத்துல என்னம்மா கேக்கும்?"

"போன வாரம் இது சத்தம் போடலையே சார்" என்றாள். பிறகு போய்விட்டாள். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் முதலில் சொன்னது அவள்தான் என்று கேள்விப்பட்டேன். அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. பதினாலு பேருடைய ரிப்போர்ட்டை நான் முடிக்க வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து பென்சன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரே வரியை மூன்று தடவை தப்பாக அடித்தேன். பதினொன்றேகால் மணிக்கு எழுந்து விக்னேஷ்வரன் அறைக்குப் போனேன். நான் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"சார், பக்கத்து ரூம்ல சத்தம் ஜாஸ்தியா இருக்கு. ஃபோன் பேசுதவங்களுக்குக் கேட்டுரும். செத்த பாத்துக்கிடுங்க."

அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யார் சத்தம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்தது. ஏதோ இழுபட்டது. அப்புறம் குதிகால் தரையில் தட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது. நான் பன்னிரண்டு ரிப்போர்ட் முடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை; எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஒரு மணிக்கு அக்சா கூப்பிட்டாள். ஃபேன் சத்தத்தில் அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக நான் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"அவிய எப்படி இருக்காவண்ணே?"

"இன்னைக்கு அமைதியா இருக்காரு" என்றேன்.

அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மூன்று மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு அந்த அறைக்குள் போன வெள்ளத்தாய் தட்டைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பென்சனின் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். வாயில் துண்டு இருந்தது. ஆஸ்பத்திரி அறிக்கையில் மற்றதெல்லாம் இருக்கிறது. வலிப்பு வந்து இறந்ததாக, நேரத்தை மாற்றி அன்று சாயங்காலம் ஒரு ரிப்போர்ட் அடிக்கச் சொன்னார்கள். அதையும் நான்தான் அடித்தேன். அக்சாவுக்கு ஃபோன் செய்ததும் நான்தான்.

துண்டை வைத்தது சங்கிலிப்பாண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் ஐந்து நாளாக அவன் கூப்பிட்டபோது யாரும் அவன் வாயை அடைக்கவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகுதான் அடைத்தார்கள். அது எனக்குத் தெரியும். போகும்போதே ஏதாவது செய்வார்கள் என்பதும் தெரியும். சத்தம் நின்றதும் ஏன் நின்றது என்று பார்க்க நான் எழுந்திருக்கவில்லை. இவ்வளவையும் யாரும் மிரட்டாமல், என் சுயபுத்தியோடு சொல்கிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. என் மீது பொறுப்பு எவ்வளவு என்று எடை போடும்போது அதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறையின் மாற்றுச் சாவி, என் மேசைக்கு மேலே கை எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில்தான் எப்போதும் தொங்கும். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைத் தொட்டதில்லை, ஐயா.