எழவு வூட்டுக் கேசட்

மொரப்பூர் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர், போர்வையில் சுற்றிய கீபோர்டைக் கைக்குழந்தையைப் போல அணைத்தபடி நின்றார். அவருக்கும் முன்னால் நின்றவர் அவருடைய மெல்லிசைக் குழுவில் முன்பு தபேலா வாசித்தவராம்; அவர்தான் திரும்பிப் பேச்சைத் தொடங்கினார்.

"எங்க ஊர்ல எல்லா எழவு வூட்டுலயும் உங்க புதுக் கேசட்டுதாங்க ஓடுது."

"அது காதல் பாட்டுங்க! வெளிநாட்டு பாணியில கொஞ்சம் இருட்டா இசை போட்டிருக்கேன்."

"ரேடியோ செட்டுக்காரருக்கு அதெல்லாம் தெரியாதுங்க. போட்டா சனங்க நல்லா அழுவுறாங்களாம்."

"நம்முது கல்யாணத்துக்கு வாசிக்கற குழுங்க."

"அப்ப நான் இருந்தேன். தாளத்தையும் இந்தப் பொட்டியே போடுதுன்னு என்னை நிறுத்திட்டீங்க."

கீபோர்டுக்காரர் போர்வையைச் சரிசெய்தார்.

"இப்ப பொட்டியோட எங்க கெளம்பிட்டீங்க?"

"சேலத்துல ஒரு கருமாதி. நேர்லயே வந்து வாசிக்கச் சொல்லிட்டாங்க. நீங்க?"

"நானும் சேலந்தாங்க. கல்யாணக் கச்சேரி."