ஒரு கை கைமாத்து

ஆறடி உயரமும் அதற்கேற்ற அன்பும் கொண்டு, கழுத்தில் மாலையோடு வீற்றிருக்கும் தலைவர் அமிர்தநாதன் அவர்களே, மஸ்கெலியா மண்ணின் பெரியோர்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, சொப்ட்போல் பந்தாட்டம் ஆடும் எங்கள் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மூன்று மாதத்துக்கு முன் வட்டவளைக்காரர்களோடு ஆடிக் கோப்பையைத் தோற்றோம். தோற்றவனுக்கு மேடை எதற்கு, மைக் எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

நம் அணிக்குப் பந்தெறிபவள் யார்? பெற்றீசியா. காலை ஆட்டத்தில் எறிந்தது யார்? பெற்றீசியா. மாலையில்? பெற்றீசியா. மழையில்? அதே பெற்றீசியா. வெற்றி நமக்கு, வேதனை அவளுக்கு. பதினைந்து வயதுப் பிள்ளையின் தோள் என்ன, கொழுந்தரைக்கும் மெஷினா? அதற்குக்கூட ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டே.

அன்று ஆட்டம் தொடங்கும் நேரம். அவள் தாய் அந்தோனியம்மா மைதானத்துக்குள் நடந்து வந்து, பயிற்சி தரும் இக்னேசியஸ் வாத்தியார் முன்னால் நின்றார்.

“சார், தல சீவக்கூட கை எழும்பாம புள்ள அழுவுதுங்க. அதுகிட்ட பந்த குடுக்காதீங்க.”

“மாத்திப் போட ஆள் இல்லையேம்மா.”

“சீனி இல்லேன்னா பக்கத்து வூட்டுக் காம்பராவுல கைமாத்து கேக்குறோம். ஒரு கைய கைமாத்து கேக்க ஒங்களுக்கு வாய் வரலீங்களா?”

அதோ, ஆண்டியப்பன் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, “பெற்றீசியாதான் போடணும்” என்று அன்று தொண்டை கிழியக் கத்தியவரும் நீங்கள்தான். வாத்தியார் பந்தை, நம் அணியிலேயே இருந்தும் அதுவரை எறிந்து பழகாத நாகலெட்சுமியிடம் கொடுத்தார். அவள் எறிந்தாள், அவர்கள் அடித்தார்கள், நாம் தோற்றோம்.

இந்தக் கை இனி எழும்புமா, நாளைக்குக் கொழுந்தெடுக்குமா என்று அந்தத் தாய் மாதாவிடம் அழுதார். ஓய்வு ஒன்றே மருந்து என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா. அணியை நடத்தும் நாங்களும் முடிவெடுத்தோம். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் எந்தப் பிள்ளையும் எறியக் கூடாது. எறிய இன்னும் இருவரைப் பழக்க வேண்டும். நோகுது என்று பிள்ளை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. போன கோப்பை திரும்பி வரும். போன தோள் வருமா?

சற்று முன் நம் ஆறடித் தலைவருக்கு எக்கி நின்று மாலை போட்டாளே ஒரு பெண், அவள்தான் பெற்றீசியா. முதலில் உயர்ந்த கை எது? பந்தெறியும் அதே வலது கை. நீங்களெல்லாம் தலைவரைப் பார்த்தீர்கள். அந்தோனியம்மா அந்தக் கையை மட்டும் பார்த்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்ததும் அப்போதுதான்.

கைமாத்துக் கொடுத்த நாகலெட்சுமிக்கும், கேட்டு வாங்கிய தாய்க்கும் நன்றி சொல்லி, கை நோகாத அளவுக்குத் தட்டுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.