தோள் பின்வாங்கிய தோட்டா

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. கைவேலைக்காரனுக்கு வாயும் விரலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருடமாக ஃபிட்டர் வேலை.

எங்கள் துரைக்குக் காட்டுப்பன்றி வேட்டையில் பித்து. கடையில் விற்கும் தோட்டா அவருக்குப் போதவில்லை. பெரிய பித்தளைக் கூட்டை எடுத்து, வாய்ப்பக்கத்தை அச்சில் அழுத்திக் குறுக்கி, சிறிய குண்டைப் பொருத்திக் கொடுப்பேன். உடல் பெருத்துக் கழுத்து சிறுக்கும் அந்தச் சரிவைத் தோள் என்போம். துப்பாக்கிக்குள் தோள் போய் முட்டுகிற இடத்தில்தான் தோட்டா நிற்கும். நான் அதைச் செங்குத்தாக வைத்தேன். வெடிமருந்து கூடுதலாகப் பிடித்தது, குண்டு வேகமாகப் போனது. மூன்று மாத உழைப்பு அது.

காளியப்பன் துரையோடு காட்டுக்குப் போய்த் தடம் பார்ப்பவன், துப்பாக்கி நிரப்பிக் கொடுப்பவன். கெட்டவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு தோட்டாவையும் உள்ளே போடும் முன் நக்குவான். வெற்றிலைச் சிவப்பு தோளில் வழியும். பன்றி ரத்தம் காய்ந்த துண்டால் அதைத் துடைப்பான். சுட்ட கூடுகள் என்னிடமே திரும்பி வரும். ஒட்டிய எச்சிலை நான்தான் சுரண்ட வேண்டும். ஒரு முறை சுரண்டிவிட்டு வாந்தி எடுத்தேன். அவனிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான்.

"என் எச்சி பட்டாத்தாண்ணே பன்னி விழுது. உங்க கைராசி பாதி, என் வாய்ராசி பாதி."

சொல்லிவிட்டு என் குவளையிலேயே தண்ணீர் மொண்டு, வாய் வைத்துக் குடித்தான். குவளையை எறிந்துவிட்டேன். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பலமுறை சுட்டு நைந்த கூடு ஒன்றை எடுத்து, தோளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினேன். பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட தோட்டா உள்ளே ஆழமாகப் போய்விடும். பின்புறம் தாங்கல் இருக்காது. வெடித்தபோது பித்தளை கிழிந்து, நெருப்பு காளியப்பன் முகத்துக்கே திரும்பியது.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான். வலது கண் இருந்த இடத்தில் பஞ்சு, சீழ் நாற்றம். நான் போய்ப் பார்த்தேன். மூக்கைப் பொத்தவில்லை, அது மரியாதை ஆகாது. இறந்த அன்று அவன் மனைவி ராஜம்மா என்னிடம் வந்தாள்.

"தோட்டாவுல எச்சி கூடிப்போச்சு போல, உங்க வேலைமேல குத்தம் இல்லேன்னு சொல்லச் சொன்னாரு, கனகராஜண்ணே."

தலையாட்டினேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

துரைக்கு வைத்த குறியா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லை. நான் நிரப்பித் தரும் தோட்டாக்களில் முதல் வெடியைத் துரை எப்போதும் காளியப்பனைத்தான் போடச் சொல்வார். அது தெரிந்துதான் கொடுத்தேன். துரை கையால் தொடுவதாக இருந்தால், அப்படி ஓர் அசிங்கமான வேலையை நான் செய்து கொடுத்திருப்பேனா?