ஆள் இல்லாத முதல் போட்டோ

ரொம்பக் காலத்துக்கு முந்தி பனங்கரைப்பட்டின்னு ஒரு ஊரு. நம்ம ஊருதான், வேற எது! அங்க சோணைமுத்துன்னு ஒரு மனுசன் இருந்தாராம். எங்க அய்யாவுக்குப் பெரியப்பா முறை. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரு கிணத்துத் தண்ணி குடிக்காத காலம். அந்த ரெண்டு தெரு ஆளுகளையும் ஒரே மேடையில ஏத்தி நாடகம் போட்டவரு அவருதான்னு சொல்லுவாக. ஏர் பிடிக்கிறவன் ராசா, நாத்து நடுறவ ராணி. அவரு பொண்டாட்டி பொன்னுத்தாய்தான் முதல் ராணி.

அவருக்கு ஒரு பழக்கம். ஆளுக உள்ள போனதும் படுதாவை இழுக்க விடமாட்டாராம். "பொறுங்கப்பா. வெறும் மேடையையும் ஒரு மூச்சு பாக்கட்டும்"பாராம்.

பன்னெண்டு வருசம் நாடகம். பெறகு சினிமா ஆசை வந்துருச்சு. மதுரையில ஒரு சிநேகிதர்கிட்ட கேமராவும் படம் ஓட்டுற மிசினும் இரவல் வாங்கியாந்தாரு. முதலாளி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. கண்மாய்க் கரையில ஒத்தப் பனை நின்னுச்சு, அதுதான் ஸ்டுடியோ. ஐப்பசியில ஒருதரம், கார்த்திகையில ஒருதரம், மார்கழியில ஒருதரம். ஊரையே அதுக்கு முன்னாடி நிப்பாட்டி எடுத்தாராம். அங்கயும் அதே பழக்கம். ஆளுக விலகுனப்புறமும் கேமரா ஒரு மூச்சு ஓடும்.

அந்த மார்கழிக் காய்ச்சல்ல பொன்னுத்தாய் போயிட்டா. அவ முகம் அந்தப் படத்துல மட்டுந்தான் மிச்சம்.

தை பிறந்தும் மழை விடல. பிலிமைக் கழுவிக் கொண்டாந்து, பொன்னுத்தாயைப் பாக்கத் தனியா ஓட்டுனாரு. பாத்தவரு மறுபடியும் முதல்லருந்து ஓட்டுனாரு. ஐப்பசியில நட்டமா நின்ன பனை கார்த்திகையில சாஞ்சு நிக்குது. மார்கழியில இன்னும் சாஞ்சு நிக்குது. பனையா சாயுது? கரை சாயுது! தெனமும் பாத்த கண்ணுக்குத் தெரியல. கண்மாயில தண்ணி தளும்புது, கரைக்குக் கீழ ரெண்டு தெரு. கரைக்கு மண்ணு போட வேண்டியது எந்தத் தெருன்னு மூணு வருசமாச் சண்டை. ஒரு கூடை மண்ணு விழல.

ஓடிப்போய்ச் சொன்னாரு. "நாடகக்காரன் பேச்சு"ன்னு சிரிச்சாக.

சரி, கண்ணால பாக்கட்டும்னு, பொழுது சாஞ்சதும் சாவடிச் சுவத்துல படத்தை ஓட்டுனாரு. ஒரே விசிலு. "ஏய், அந்தா நானு!" "ஏலே, உன் மூக்கைப் பாருடா!" சோணைமுத்து கத்துறாரு: "மூஞ்சியப் பாக்காதீங்கப்பா! பின்னாடி பனையப் பாருங்க!" யாரு கேட்டா? கீழத்தெரு மாயழகு எந்திரிச்சானாம்: "என் மூஞ்சி ரெண்டு தரம், மேலத்தெருக்காரன் மூஞ்சி மட்டும் அஞ்சு தரமா?" அம்புட்டுத்தான், அடிதடி. எங்க அய்யாவும் அதுல ஒருத்தரு. வெக்கமாத்தான் இருக்கு, சொல்லித்தான் ஆகணும்.

மூஞ்சி இருக்கிற மட்டும் இவனுக பனையைப் பாக்க மாட்டானுகன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாக் காலையில கதவைச் சாத்திக்கிட்டுக் கத்திரியை எடுத்தாராம். மாயழகை வெட்டுனாரு. எங்க அய்யாவை வெட்டுனாரு. தன்னையும் வெட்டுனாரு. பொன்னுத்தாய் வந்தா. சன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாராம். உச்சிப்பொழுது சாயுற மட்டும் பாத்தாராம். "போயிட்டு வா தாயி"ன்னு அவளையும் வெட்டிட்டாரு. ஆளுக விலகுன துண்டுகளை மட்டும் ஒட்டிக்கிட்டு, வெட்டுனதையெல்லாம் வேட்டி மடியில முடிஞ்சுக்கிட்டாரு.

சாயங்காலம் மறுபடியும் படம். "எங்கய்யா எங்க மூஞ்சி?"ன்னு ஊரு கத்துச்சு. சுவத்துல பனை மட்டும். நட்டமா ஒரு மூச்சு. சாஞ்சு ஒரு மூச்சு. இன்னும் சாஞ்சு ஒரு மூச்சு. மாயழகுதான் முதல்ல வாயைத் திறந்தானாம்: "ஏப்பா... கரை போகுது."

கூடையும் மம்பட்டியுமா ரெண்டு தெருவும் ஓடுச்சு. எந்தத் தெரு மண்ணுன்னு கேக்க நேரமில்ல. கரை நின்னுருச்சு. பனை மட்டும் வேரோட கண்மாய்க்குள்ள சரிஞ்சுச்சு. அதுக்கு அடியில முட்டுக் கொடுத்து நின்னவரு சோணைமுத்து. பனையும் போச்சு, அவரும் போனாரு, மடியில முடிஞ்ச மூஞ்சிகளும் போச்சு.

அன்னையிலருந்து நம்ம ஊருக் கல்யாணத்துல முதல் போட்டோவுல ஆளே இருக்கக் கூடாது. மாப்பிள்ளையும் பொண்ணும் விலகி நிக்கணும். பின்னாடி என்ன இருக்குன்னு எல்லாரும் ஒரு மூச்சு பாக்கணும். பெறகுதான் அவுக வந்து நிக்கலாம். அசலூரு போட்டோக்காரன் சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான், நமக்கென்ன!

அந்த மனுசன் எப்படி இருப்பாருன்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. பொன்னுத்தாய் எப்படி இருப்பான்னும் கேக்காதீங்க. பாத்தவுக ஒருத்தரும் இப்ப இல்ல.