ஆறுக்கு ஆறு

என் குறிப்பேட்டில் இருப்பது: “ஞாயிறு, மாரிகுப்பத்திலிருந்து மாலை ரயில், கோரமண்டல் நிலையத்தில் ஏறிய இரு பெண்கள்.” இளையவர் காதில் போன். பெங்களூரில் நடந்த கல்லூரிக் கால்பந்து அரையிறுதியை அவருடைய மகள் மைதானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய மகன்தான் கோல்கீப்பர்.

“அஞ்சி கோல் வுட்டுட்டான்க்கா!” என்று அவர் சிரித்தார்.

“அதுக்கு இன்னாத்துக்குடி சிரிக்கிற? போன வருசம் ஒண்ணு வுட்டதுக்கே ரெண்டு நாளு சோறு துண்ணல அவன்.”

“நாம ஆறு போட்டுட்டோம்க்கா! அப்பல்லாம் அத்தினி பேரும் பின்னாடியே நின்னு காவல் காப்பாங்க. இப்ப வந்த கோச்சு, சுரங்கத்துல ஷிப்டு முடிஞ்சி ஆளுங்கள கேஜ்ல ஏத்துறாப்பல எல்லாரையும் மேல அனுப்பிடறாரு. பின்னாடி எம் புள்ள ஒருத்தன்தான்.”

“தோத்தா?”

“பழி அவன் மேலதான்.” உடனே முகம் மாறியது. “அய்யோ, ஆறுக்கு ஆறாம்க்கா.”

மூத்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நமக்கு கடைசி கார்னராம். இவனும் மேல ஓடறானாம்!”

“அப்ப கோல்ல யாருடி நிக்கறது?”

“யாருமே இல்லியாம்க்கா!”

போனிலிருந்து வந்த கூச்சல் பெட்டி முழுக்கக் கேட்டது.

“போட்டுட்டான்! எம் புள்ளயே போட்டுட்டான்! பைனலு!”

மூத்தவர் எதிரில் இருந்தவரின் வேர்க்கடலையைக் கேட்காமலே எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். பந்து தலையில் பட்டு உள்ளே போனது என்றார் தாய். முதுகில் பட்டது என்று மகள் போனில் சாதித்தாள். எது சரி என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.